இருபது பிளாட், நாலு பிளாக்: கும்பப்பூ வயலில் ஒரு யூரியா சோதனை

முதலில் தோற்றுப்போன சோதனையைச் சொல்லிவிடுகிறேன். அது ஏன் தோற்றது என்று புரிந்த பிறகுதான் வயலை எப்படிப் பிரிப்பது என்ற யோசனையே எனக்கு வந்தது.

தோவாளை தாலுகாவில் பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் வயல். மேல வயல் 20 சென்ட், அதை ஒட்டிக் கீழ வயல் 15 சென்ட். பேச்சிப்பாறைத் தண்ணீர் சானல் வழியாக வந்து, வாய்க்காலில் பிரிந்து, மேல வயலின் வடக்கு மடையில் இறங்கும். மேல வயல் நிறைந்து கீழ வயலுக்குப் போகும், அங்கிருந்து அடுத்தவர் வயலுக்கு. எங்கள் ஏலா, அதாவது வயல்வெளி, முழுக்க இதே பாய்ச்சல்தான். நடுவது அம்பை 16 என்ற நெல் ரகம். எங்கள் வீட்டில் குண்டரிசிச் சோறுதான் சோறு.

யூரியாவை நாங்கள் மூன்று தடவையாகப் போட்டுப் பழகியவர்கள். அதே அளவை நாலாகப் பிரித்துப் போட்டால் நெல் கூடுமா, அளவையே குறைத்தால் விளைச்சல் எவ்வளவு அடிபடும், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குப் பல வருடமாகக் கேள்வி. வேளாண்மை டிப்ளமோ படித்தவன் நான். படித்ததை என் வயலில் ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

அந்த முதல் கும்பப்பூவில், அதாவது இரண்டாம் போகத்தில், மேல வயலைக் கிழக்கு மேற்காக மூன்று பட்டையாகப் பிரித்தேன். மடைப் பக்கப் பட்டைக்கு வழக்கமான உரம், நடுப்பட்டைக்கு நாலு தவணை, கடைசிப் பட்டைக்குக் குறைந்த அளவு. அறுத்தபோது நடுப்பட்டைதான் முன்னால் நின்றது, அதுவும் நல்ல வித்தியாசத்தில். ஊரில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

அக்கா மகள் வேளாண்மை பட்டப்படிப்பு படிக்கிறாள். அவள்தான் கேட்டாள்: "மாமா, மூணு பட்டையிலயும் ஒரே உரம் போட்டிருந்தா மூணும் ஒரே மாதிரி விளைஞ்சிருக்குமா?"

என்னிடம் பதில் இல்லை. நடுப்பட்டை உரத்தால் விளைந்ததா, நடுவில் இருந்ததால் விளைந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையில் வழியே கிடையாது. ஒவ்வொரு உரமுறையும் ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. மண்ணின் குணமும் உரத்தின் குணமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அதோடு பட்டைகளுக்கு நடுவே ஒற்றை வரப்புதான். மேலே போட்ட யூரியா தண்ணீரோடு கீழே இறங்கியிருக்கும். ஓரத்து வரிசைகளையும் சேர்த்து அறுத்து எடை போட்டேன். இத்தனை தப்புகள் ஒரே வயலில்.

சரி, வயலை முதலில் படிப்போம் என்று அடுத்த கன்னிப்பூவை, அதாவது முதல் போகத்தை, அதற்கே ஒதுக்கினேன். மேல வயல் முழுக்க ஒரே நாற்று, ஒரே நாளில் நடவு, ஒரே அளவு உரம். எந்தச் சோதனையும் இல்லை. அறுப்புக்கு முந்தின நாள், வயலை வடக்கு தெற்காக 4 வரிசையும் கிழக்கு மேற்காக 5 பத்தியுமாக 20 துண்டாக மனதில் பிரித்துக்கொண்டு, பிவிசி குழாயில் செய்த 1 மீட்டர் சதுரச் சட்டத்தை ஒவ்வொரு துண்டிலும் இரண்டு இடத்தில் வைத்து அறுத்தோம். நாற்பது சிறு கட்டுகள். ஒவ்வொன்றையும் தனியாக அடித்து, தூற்றி, காயவைத்து, அடுக்களைத் தராசில் நிறுத்தோம். வீட்டுத் திண்ணை முழுக்க காகிதப் பைகள்.

ஆராய்ச்சி நிலையங்களில் இதை ஒருசீர்ச் சோதனை என்பார்கள். நூறு வருடத்துக்கு மேலாகச் செய்துவருகிற வேலைதான். சோதனைக்கு முன்னால் நிலத்தின் ஏற்றத்தாழ்வை நிலத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்வது. எனக்கு இந்த ஒரு பருவம் கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறெதுவும் கற்றுத்தரவில்லை.

மடைப் பக்கம்தான் வளமான இடம் என்று நான் நம்பியிருந்தேன். தராசு வேறு சொன்னது. முதல் வரிசையில் ஒரு சதுர மீட்டருக்குச் சராசரி 455 கிராம், அடுத்த இரண்டு வரிசையிலும் 560, 570. மடையில் கை விட்டு மண்ணை அள்ளிப் பார்த்தேன், நறநறவென்று மணல். ஒவ்வொரு மழைக்கும் வாய்க்கால் கொண்டுவந்து கொட்டியது. கிழக்குப் பத்தி எல்லா வரிசையிலும் குறைவாக வந்தது. அங்கே வரப்பில் தென்னை நிற்கிறது, நிழலும் வேரும் சேர்ந்து நெல்லை அடிக்கின்றன. இதெல்லாம் புரிந்தது. புரியாதது நாலாவது வரிசையின் தென்மேற்கு மூலை. பக்கத்துத் துண்டுகள் 545 சுற்றி நிற்க, அது மட்டும் 740. இரண்டு தடவை எடை போட்டுப் பார்த்தேன்.

ஆச்சியிடம் சொன்னேன். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "அங்க பழைய உரக்குண்டு இருந்த இடமாக்கும் மக்கா. உனக்க தாத்தா காலத்துல மாட்டுச்சாணம் எல்லாம் அங்கதான் தட்டும். வயல் சமன்படுத்துனப்போ மூடினது" என்றாள். எத்தனை வருடம் ஆனாலும் மண் அதை மறக்கவில்லை. அந்த மூலையில் ஏதாவது ஒரு உரமுறை விழுந்திருந்தால் அதுதான் ஜெயித்தது என்று எழுதியிருப்பேன்.

இனி சோதனை. ஐந்து முறைகளை முடிவு செய்தேன். அ: தழைச்சத்தே (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) இல்லை. ஆ: எக்டருக்கு 120 கிலோ தழைச்சத்து, மூன்று தவணை. இ: அதே 120, நாலு தவணை. ஈ: 90 கிலோ, நாலு தவணை. உ: இலை வண்ண அட்டை. வாரம் ஒருமுறை அட்டையோடு ஒப்பிட்டு, பச்சை வெளுத்தால் மட்டும் 30 கிலோ. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஐந்துக்கும் ஒரே அளவு. அதில் கை வைத்தால் எது எதனால் வந்தது என்று மறுபடியும் குழம்பும். 'அ' எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள், வேண்டுமென்றே நெல்லை இழப்பதா என்று. மண் தன்னால் எவ்வளவு தரும் என்று தெரிந்தால்தானே யூரியா எவ்வளவு தந்தது என்று சொல்ல முடியும்.

எந்த அமைப்பில் பிரிப்பது என்பதில் பத்து நாள் போனது. முழுக்கக் குலுக்கிப்போடும் சி.ஆர்.டி. முதலிலேயே போய்விட்டது. அது ஒரே மண் நிரப்பிய தொட்டிகளுக்கும் நாற்றுப்பைகளுக்கும் சரி. மணலும் உரக்குண்டும் தென்னை நிழலும் உள்ள வயலில் அத்தனை வித்தியாசமும் பிழைக் கணக்கில், அதாவது உரத்தால் வராத ஏற்றத்தாழ்வின் கணக்கில், போய் விழும்.

லத்தீன் சதுரம் மனதை இழுத்தது. ஐந்து வரிசை, ஐந்து பத்தி, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் ஒருமுறை மட்டும். மணல் ஒரு திசையில், தென்னை இன்னொரு திசையில் என்று இரண்டு சரிவு இருக்கும் என் வயலுக்கே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஆனால் 25 பிளாட், அதாவது 25 சோதனைத் துண்டு, வேண்டும். உரக்குண்டு மூலையை விட்டுவிட்டு 25 பிளாட்டுக்கு இடமில்லை, 25-க்கும் தனித்தனியாகத் தண்ணீர் கொண்டுபோவதும் பெரிய வேலை. இன்னொன்றையும் கணக்குப் போட்டேன். ஐந்துக்கு ஐந்து லத்தீன் சதுரத்தில் பிழைக்குக் கிடைக்கும் டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது பிழையை மதிப்பிட மிஞ்சும் தனித்தனித் தகவல்களின் எண்ணிக்கை, நாலு தடவை மூன்று, 12. வயலைப் பிளாக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எல்லா முறைகளையும் குலுக்கிப்போடும் ஆர்.பி.டி. முறையில் நாலு பிளாக் போட்டால் அதுவும் நாலு தடவை மூன்று, அதே 12. அந்த எண் பத்துப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் கிடைக்கும் பிழை மதிப்பீட்டையே நம்ப முடியாது. தென்னைப் பக்கம் 4 மீட்டரைச் சோதனைக்கு வெளியே தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஒரே ஒரு சரிவு. அப்புறம் லத்தீன் சதுரத்துக்கு வேலை இல்லை. ஆர்.பி.டி.தான்.

அக்கா மகள் இன்னொரு யோசனை சொன்னாள். திருப்பதிசாரம் ரகம் ஒன்றையும் சேர்த்து, ரகம் பெரிய பிளாட்டிலும் யூரியா அதற்குள் சின்னப் பிளாட்டிலுமாக ஸ்பிளிட் பிளாட் போடலாமே என்று. பாசன அளவு, உழவு ஆழம் மாதிரி சின்ன இடத்தில் மாற்றவே முடியாததைப் பெரிய பிளாட்டில் வைக்கத்தான் அந்த அமைப்பு. ரகத்தைச் சின்னப் பிளாட்டிலேயே நட முடியும். பெரிய பிளாட்டில் வைத்ததைப் பற்றிக் கிடைக்கும் பதில் எப்போதும் மங்கலாகவே இருக்கும், பிளாட்டும் இரட்டிப்பாகும். ஒரு பருவத்தில் ஒரு கேள்வி போதும் என்று விட்டுவிட்டோம்.

பிளாட் அளவு 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆகமொத்தம் 20 சதுர மீட்டர். நீளப்பக்கம் சரிவின் திசையில், அதாவது வடக்கு தெற்காக. ஐந்து பிளாட்டும் கிழக்கு மேற்காகப் பக்கம் பக்கமாக நின்றால் ஒரு பிளாக். இதுதான் விஷயமே. ஒரு பிளாக்குக்குள் ஐந்தும் ஒரே மாதிரி மண்ணில் இருக்க வேண்டும். மணல் மடைப்பக்கம் இருக்கிறதா, ஐந்தும் மணலிலேயே நிற்கட்டும். யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. பிளாக்குக்கும் பிளாக்குக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் கணக்கில் அதைத் தனியே பிரித்து எடுத்துவிடலாம்.

இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது நாலாவது பிளாக்குக்கு இடம் தேடியபோது. மேல வயலில் மூன்று பிளாக் அழகாக உட்கார்ந்தது. நாலாவதை வைத்தால் ஒரு முனை உரக்குண்டில் போய் இடித்தது. எப்படித் திருப்பினாலும் அதே கதை. இரண்டு நாள் காகிதத்தில் கட்டம் போட்டுக் கிழித்தேன். அப்புறம்தான் தோன்றியது, நாலு பிளாக்கும் ஒட்டியே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கீழ வயலில் ஒரே வரிசையில் ஐந்து பிளாட்டுக்கு இடம் இருக்கிறதே. அந்த மண் வேறு, இருக்கட்டும். உள்ளே ஐந்தும் ஒன்றாக இருந்தால் போதும். மேல வயலில் மிஞ்சிய எட்டு மீட்டர் தெற்குத் துண்டைச் சாதாரண நடவுக்கு விட்டுவிட்டு நாலாவது பிளாக்கைக் கீழ வயலுக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு சிக்கல். கீழ வயலுக்குத் தண்ணீர் வருவதே மேல வயலில் நின்று வடிந்துதான். அதில் மேலே போட்ட யூரியாவும் வரும். 'அ' பிளாட்டுக்குக் கள்ளத்தனமாகச் சத்து போய்ச் சேர்ந்தால் சோதனையே கெட்டது. மேற்கு வரப்புக்குள் 4 இஞ்ச் பைப் ஒன்றைப் புதைத்து மடையிலிருந்து நேரே கீழ வயலுக்குத் தண்ணீர் இறக்கினோம். மேல வயலின் வடிநீரைத் தனி வாய்க்காலில் வெளியே விட்டோம்.

அளந்து கட்டம் போட்டது ஒரு முழு நாள். தும்புக்கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆரம்பித்தோம். ஈரம் பட்டதும் கயிறு இழுபட்டு, மூன்றாவது பிளாட் 5 மீட்டர் 12 சென்டிமீட்டர் வந்து நின்றது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அளவு டேப்பிலேயே திரும்ப அளந்தோம். மூலை செங்கோணமாக இருக்க, ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் வருகிற மாதிரி குச்சி ஊன்றிக்கொண்டோம். ஒவ்வொரு பிளாட்டையும் முடித்ததும் குறுக்களவு பார்த்தோம். 5-க்கு 4 பிளாட்டில் மூலைக்கு மூலை 6 மீட்டர் 40 சென்டிமீட்டர் வர வேண்டும், இரண்டு குறுக்கும் சமமாக இருக்க வேண்டும். இதை விட்டால் செவ்வகம் சாய்ந்து பரப்பளவு மாறிவிடும். எடையில் 100 கிராம் பார்க்கப் போகிறோம், பரப்பளவில் தப்பு வந்தால் எல்லாம் வீண்.

பிளாட்டுக்கும் பிளாட்டுக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் வரப்பு, 30 சென்டிமீட்டர் வடிகால், மறுபடி 30 சென்டிமீட்டர் வரப்பு. இரட்டை வரப்பு. ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் ஒரு பாசன வாய்க்கால், காலில் ஒரு வடிகால். ஒவ்வொரு பிளாட்டுக்கும் தனித் தனி மடை. பிளாட்டிலிருந்து பிளாட்டுக்குத் தண்ணீர் போகவே கூடாது. இப்படிச் செய்ததில் சோதனை நடக்கும் இடத்தில் பெரிய பங்கு வரப்பும் வாய்க்காலுமாகவே போனது. மேல வயலின் 20 சென்டில் பிளாட்டுகள் மட்டும் பார்த்தால் ஏழரை சென்ட்கூட இல்லை. வரப்பு வெட்டிய மாமா மண்வெட்டியை ஊன்றி நின்று, "நெல்லு நட எடம் மிச்சம் வையி மக்கா" என்றார்.

குலுக்கல் எங்கள் வீட்டுத் திண்ணையில். அ முதல் உ வரை ஐந்து சீட்டு, ஒரு செம்பு. என் மகள் எடுத்தாள். ஒரு பிளாக்குக்கு ஐந்து சீட்டையும் எடுத்து எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக் குலுக்கி அடுத்த பிளாக். நாலு தடவை தனித்தனியாக. மூன்றாவது பிளாக்கில் 'அ'வும் 'இ'யும் முதல் பிளாக்கைப் போலவே பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மாற்றிவிடலாமா என்று கை பரபரத்தது. மாற்றவில்லை. பார்வைக்குச் சீராக இல்லை என்று நாம் மாற்ற ஆரம்பித்தால் நமக்கே தெரியாமல் நமக்குப் பிடித்ததை நல்ல இடத்தில் வைத்துவிடுவோம். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் நிலையத்துக்கு 1919-இல் போன ஃபிஷர் இந்தக் குலுக்கலை வலியுறுத்தியதே அதற்குத்தான். குலுக்கிப் போட்டால்தான் கடைசியில் பிழை எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்கிட முடியும்.

பிளாட்டுகளுக்கு 1 முதல் 20 வரை எண் மட்டும் எழுதி மூங்கில் குச்சி நட்டோம். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது என் நோட்டில் மட்டும். அறுக்க வருகிறவர்களுக்கு எது எந்த உரம் என்று தெரியாமல் இருப்பது நல்லது.

நடவுக்கு வந்த அக்காமார் ஆறு பேர். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பிளாக்கை ஆரம்பித்தால் அதை முடித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கோ வீட்டுக்கோ போக வேண்டும். பாதி பிளாக் காலையில், பாதி மாலையில் என்றால், அல்லது பாதியை ஒருவர் நெருக்கமாகவும் மீதியை இன்னொருவர் இடைவெளி விட்டும் நட்டால், அந்த வித்தியாசமும் உரத்தின் தலையில் விழும். மூன்று பிளாக் முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. நாலாவதை இரண்டு நாள் கழித்துத்தான் நட முடிந்தது. எனக்குக் கவலையே வரவில்லை. அந்த இரண்டு நாள் வித்தியாசம் முழுசாக நாலாவது பிளாக்குக்கே சொந்தம், ஐந்து முறைகளுக்கும் பொது.

யூரியா கணக்கு நேரடியானது. எக்டருக்கு 120 கிலோ தழைச்சத்து என்றால் 20 சதுர மீட்டருக்கு 240 கிராம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், ஆகவே பிளாட்டுக்கு 522 கிராம் யூரியா. நாலு தவணை என்றால் தடவைக்கு 130 கிராம், மூன்று என்றால் 174. 90 கிலோ முறையில் தடவைக்கு 98 கிராம். அட்டை பார்த்துப் போடும் 30 கிலோவும் அதே 130 கிராம்தான். தவணைக்கு முந்தின ராத்திரி எடை போட்டு, பிளாட் எண் எழுதிய கவரில் கட்டி வைத்துக்கொள்வேன். 98 கிராமை 20 சதுர மீட்டரில் சீராக வீச யாராலும் முடியாது. இரண்டு கிலோ காய்ந்த மணலோடு கலந்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறு பாதியைக் குறுக்காகவும் வீசினேன். 'அ'வுக்கும் வெறும் மணல் வீசினேன், கால்மிதி எல்லாப் பிளாட்டிலும் ஒன்றாக இருக்கட்டும் என்று.

இரண்டாம் தவணை போட்ட நாலாம் நாள் ராத்திரி வடகிழக்குப் பருவமழை கொட்டியது. விடிவதற்குள் டார்ச்சோடு ஓடினேன். இரண்டாம் பிளாக்கில் ஏழாம் பிளாட்டின் வரப்பு ஒரு முழம் உடைந்து கிடந்தது. தண்ணீர் நடு வடிகாலில் இறங்கி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிளாட்டின் வரப்பு அப்படியே நின்றது. ஒற்றை வரப்பாக இருந்திருந்தால் இரண்டு பிளாட்டும் ஒன்றாகக் கலந்திருக்கும். அங்கேயே தொழியை அள்ளி அடைத்துவிட்டு, நேரத்தையும் பிளாட் எண்ணையும் நோட்டில் எழுதினேன்.

காப்பாற்ற முடியாத ஒன்று எலி. அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது நாலாவது பிளாக்கின் 'ஈ' பிளாட்டில் நடுவே வட்டமாகக் கடித்துப் போட்டிருந்தது. ஓரத்தில் என்றால் கவலையில்லை, நடுவில். மிச்சத்தை அறுத்துக் கணக்காக உயர்த்திப் போடலாமா என்று யோசித்தேன். அது ஊகம்தான். அந்தப் பிளாட்டை 'இல்லை' என்றே எழுதினேன்.

அறுப்பில் பக்கவாட்டில் இரண்டிரண்டு வரிசையும் தலைமாட்டில் கால்மாட்டில் அரை மீட்டரும் முதலில் அறுத்து ஒதுக்கினோம். ஓரத்துக் குத்துகளுக்கு வெளிச்சமும் இடமும் அதிகம், கதிர் கூடுதலாக வரும். மிஞ்சியது 4 மீட்டருக்கு 3.2 மீட்டர், 12.8 சதுர மீட்டர். அதை மட்டும்தான் எடை போட்டோம். ஈரப்பதம் பிளாட்டுக்குப் பிளாட் மாறும் என்பதால் எல்லாவற்றையும் 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். ஈர எடை 7.8 கிலோ, ஈரம் 20.5 சதவீதம் என்றால், 7.8-ஐ 79.5-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க 7.2 கிலோ.

பக்கத்து விளையில் (தோட்டத்தில்) ஏத்தன் வாழை வைத்திருக்கும் மாமா இதைப் பார்த்துவிட்டு, வாழையிலும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், ஆனால் ஓரம் அங்கே இன்னும் அதிக இடத்தைத் தின்னும். நாலுக்கு நாலு 16 வாழை வைத்தால் நடுவில் உள்ள நாலில்தான் அளவெடுக்க முடியும். 1.8 மீட்டர் இடைவெளியில் அந்த ஒரு பிளாட்டே 52 சதுர மீட்டர். அவருடைய விளை சாய்வானது, பிளாக்கைச் சம உயரத்தில் வளைத்து வளைத்துப் போட வேண்டியிருக்கும். அது தனி வேலை.

எடைகள் இப்படி வந்தன, எல்லாம் கிலோவில், அ, ஆ, இ, ஈ, உ வரிசையில். மணல் பிளாக்: 4.4, 5.7, 6.7, 5.9, 6.5. இரண்டாவது: 4.7, 7.4, 7.1, 7.3, 7.0. மூன்றாவது: 5.5, 6.8, 7.8, 6.9, 7.8. கீழ வயல்: 4.5, 6.8, 6.6, எலி, 6.7.

எலி தின்ற பிளாட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. முறைகள் 5, 'ஈ'யின் மீதிக் கூட்டுத்தொகை 20.1, பெருக்கினால் 100.5. பிளாக்குகள் 4, அந்தப் பிளாக்கின் கூட்டுத்தொகை 24.6, பெருக்கினால் 98.4. இரண்டையும் கூட்டி மொத்தக் கூட்டுத்தொகை 122.1-ஐக் கழித்து 12-ஆல் வகுத்தால் 6.4. இது விளைச்சல் இல்லை, கணக்கு சாயாமல் இருக்க வைக்கும் முட்டு. அதற்கு விலையாகப் பிழையின் 12 டிகிரியில் ஒன்றைக் கொடுத்து 11-ஆக வைத்துக்கொள்ள வேண்டும்.

சராசரிகள்: அ 4.78, ஆ 6.68, இ 7.05, ஈ 6.63, உ 7.00. ஐந்து சதவீத நிலையில் சி.டி. (கிரிட்டிக்கல் டிஃபரன்ஸ்) 0.57 கிலோ, 'ஈ'யோடு ஒப்பிடும்போது மட்டும் எலியின் கணக்கில் 0.62. அதாவது இரண்டு சராசரிக்கு நடுவே அந்த அளவுக்கு மேல் இருந்தால்தான் அது உரத்தால் வந்தது என்று சொல்லலாம். 'அ' மட்டும் தெளிவாகக் கீழே. மற்ற நாலும் ஒன்றுக்கொன்று அந்த எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. முதல் வருடம் ஊரெல்லாம் சொன்னேனே நாலு தவணையின் வெற்றி, அதை இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. முன்னால் சொன்னவர்களிடம் போய் அதையும் சொல்லிவிட்டேன்.

பிளாக் பிரிக்காமல் இருபதையும் ஒன்றாகக் குலுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தேன். மணலின் வித்தியாசமெல்லாம் பிழையோடு சேர்ந்து சி.டி. 0.57-க்குப் பதில் 0.9-ஐத் தாண்டுகிறது. அந்தப் பத்து நாள் யோசனைக்கும் கீழ வயலுக்குப் புதைத்த பைப்புக்கும் கிடைத்த கூலி இதுதான்.

அட்டை பார்த்த 'உ' பிளாட்டுகளில் நாலு பிளாக்கிலும் மூன்று தடவைதான் யூரியா விழுந்தது, ஆக எக்டருக்கு 90 கிலோ. 120-க்கும் 90-க்கும் நடுவே ஏக்கருக்கு 26 கிலோ யூரியா, அரை மூட்டைக்கு மேல். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று உடனே சொல்ல ஆசைதான். ஆனால் 12.8 சதுர மீட்டரில் 0.57 கிலோ என்பது ஏக்கருக்குச் சுமார் 180 கிலோ நெல். அதைவிடக் குறைந்த நஷ்டம் இருந்தால் என் சோதனையின் கண்ணுக்கு அது தெரியாது. ஏக்கருக்கு நூறு கிலோ நெல் போனாலும் விவசாயிக்கு நஷ்டம்தானே.

அதனால் வருகிற கும்பப்பூவுக்கு 'அ'வையும் 'இ'யையும் விட்டுவிட்டு ஆ, ஈ, உ மூன்று மட்டும், எட்டு பிளாக், 24 பிளாட். பிழை இதே அளவில் இருந்தால் சி.டி. 0.39-க்கு இறங்கும், ஏக்கருக்குச் சுமார் 125 கிலோ வித்தியாசம்வரை பார்க்கலாம். பிளாக்குக்கு மூன்றே பிளாட் என்பதால் அகலம் 14 மீட்டருக்குள் அடங்குகிறது, மணலிலும் கீழ வயலிலும் இரண்டிரண்டாக வைக்க முடியும். கீழ வயல் வரப்பில் எலிக்குக் கிட்டி வைக்க இப்போதே ஆள் சொல்லியாகிவிட்டது. செம்பில் இந்த முறை மூன்று சீட்டு, எட்டுத் தடவை குலுக்க வேண்டும். மகள் தான்தான் எடுப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.